கனம் இல்லாத பேட்டரி

ஒன்பதாவது ஓட்டையில் டிரில் நின்றது.

பெரியவள் பொத்தானை விட்டுவிட்டு மறுபடி அழுத்தினாள். கர்ர் என்று ஒரு முனகல், அவ்வளவுதான். முனையிலிருந்த பிட் சுவருக்குள் பாதி போய் மாட்டிக்கொண்டது. பேட்டரியின் பக்கவாட்டில் நான்கு பச்சை விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன. செத்துப்போன சாமான் தன்னை முழு சார்ஜ் என்று சாதிப்பதுதான் அவளுக்கு அதிக எரிச்சலைக் கிளப்பியது.

"எத்தனை?" என்றாள் சின்னவள். அலமாரியின் ஒரு முனையைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"ஒன்பது."

"போன பேட்டரி பதினொண்ணு போட்டுச்சு. உன் வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டு வாழ்த்து சொல்லு."

பெரியவள் மாட்டிக்கொண்ட பிட்டை ஆட்டி இழுத்தாள். பதில் சொன்னால் சண்டை வரும். சண்டை போடுவதற்குக்கூட நேரமில்லை.

குழந்தைகள் மருத்துவமனையின் இரண்டாவது மாடி அது. தடுப்பூசி அறை. கட்டடத்துக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. மீட்டர் நாளைக் காலைதான் மாட்டுகிறார்கள். மாட்டியதும் மருந்து வைக்கும் குளிர்பெட்டிகள் வந்து இறங்கும். அதற்கு முன் சுவரில் பதினான்கு அலமாரிகள் ஏறியிருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். அலமாரிக்கு ஆறு ஓட்டை. சுவரோ கான்கிரீட். ஒயர் போட்டு ஓட்டலாம் என்றால் சொருக ஒரு பிளக் பாயின்ட்கூட உயிரோடு இல்லை.

இந்த வேலையை 'திருகாணி பட்டறை'க்குக் கொடுத்ததே, சொன்ன நாளில் முடிப்பார்கள் என்ற பேருக்காகத்தான். திருகாணி என்பது அவர்களுடைய அப்பாவின் பட்டப்பெயர். அவர் போய் இரண்டு வருடமாகியும் ஊரில் அந்தப் பேர் அப்படியே நின்றது. பட்டறையை இரண்டு மகள்களும் நடத்தினார்கள். ஆறு மாதத்துக்கு முன்பு பெரியவளின் கணவர் டைல்ஸ் கடை வேலையை விட்டுவிட்டு, "சாமான் வாங்குறதை நான் பாத்துக்கறேன்" என்று வந்து சேர்ந்தார். சின்னவள் அவருக்கு 'மானேஜர்' என்று பேர் வைத்தாள். மரியாதைக்கு வைத்த பேர் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் பழைய டிரில்லுக்கெல்லாம் வயதாகிவிட்டது, புதுசு எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. "பழைய கம்பெனியிலேயே எடுக்கலாம். சர்வீஸ் சென்டர் பக்கத்துலயே இருக்கு. இருக்கற பேட்டரியும் பொருந்தும்" என்றாள் சின்னவள். மானேஜரோ எட்டு சாமான் அடங்கிய ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். டிரில், ரம்பம், டார்ச், ஊதுகிற மெஷின்கூட இருந்தது. பேட்டரியில் ஆறு ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "பழசு நாலுதான். இது ஆறு. ஒண்ணரை மடங்கு நேரம் ஓடும்!"

இருவரும் பெரியவளின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் கணவர் பக்கம் பேசினாள். பெட்டியைப் பார்த்துப் பேசவில்லை. ஆறு மாதமாக அந்த மனுஷர் பட்டறையில் எதைத் தொட்டாலும் தங்கை ஒரு குத்து குத்துகிறாளே, இந்த ஒன்றாவது அவர் இஷ்டப்படி நடக்கட்டும் என்று பேசினாள். பழைய செட் முழுவதும் எக்ஸ்சேஞ்சில் போயிற்று. சின்னவள் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது மணி பதினொன்று. ஏறியிருந்த அலமாரிகள் நான்கு. கொண்டுவந்த நான்கு பேட்டரியில் மூன்று காலி.

ஃபோனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, பேட்டரி நிக்கவே மாட்டேங்குது. ஒன்பது ஓட்டைக்கு மேல போகலை."

"ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டீங்களா?"

"நீங்கதானே போட்டீங்க?"

"புது பேட்டரி அப்படித்தான் இருக்கும்மா. நாலு தடவை சார்ஜ் ஏறி இறங்கினா செட்டாயிடும். அழுத்தி ஓட்டாதீங்க. பதமா ஓட்டச் சொல்லு அவளை."

"ஓட்டுனது நான்."

"அப்ப நீ பதமா ஓட்டு. ஒரு லோடு இறக்கிட்டிருக்கேன், மத்தியானம் வரேன்."

வைத்துவிட்டார். அவர் என்ன சொன்னார் என்று சின்னவள் கேட்கவே இல்லை. அக்காவின் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது போல. நின்றுபோன பேட்டரியைக் கழற்றிக் கையில் வாங்கிப் பார்த்தவள், திடீரென்று தன் பையைத் தரையில் கொட்டினாள். ஆணி டப்பா, டேப், பென்சில் எல்லாம் உருண்டோடின. அடியில் பழைய செட்டின் பேட்டரி ஒன்று கிடந்தது. எக்ஸ்சேஞ்சில் கொடுக்க மறந்த சின்ன பேட்டரி. மேலே இரண்டு என்று எழுதியிருந்தது.

"ரெண்டையும் கையில பிடி" என்றாள்.

பெரியவள் பிடித்தாள். இடது கையில் ஆறு. வலது கையில் இரண்டு.

"எது கனம்?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு..." என்று இழுத்தாள் பெரியவள்.

அறையின் மூலையில் கைக்குழந்தைகளை நிறுக்கும் எடை மெஷின் வந்து இறங்கியிருந்தது. பென்சில் செல்லில் ஓடுவது. அதன் பிளாஸ்டிக் உறையைக் கிழித்த சின்னவள், குழந்தையைப் படுக்கவைக்கும் தொட்டிலில் பேட்டரியை வைத்தாள். முதலில் இரண்டு. முந்நூற்றுத் தொண்ணூறு கிராம். பிறகு ஆறு. முந்நூற்று எழுபது.

பெரியவள் பேட்டரியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே எடைதான்.

"ஆறுங்கறது ரெண்டை விட இளைச்சுப் போயிருக்கு" என்றாள் சின்னவள். குரலில் கேலி இல்லை. அதுதான் பெரியவளைப் பயமுறுத்தியது. "பேட்டரிக்கு உள்ள செல்தான் கனம். ஆறு ஆம்பியர்னா உள்ள பத்து செல்லாவது இருக்கணும். இதுல அஞ்சுக்கு மேல இருந்தா என் பேரை மாத்திக்கறேன். மேல ஒட்டின ஸ்டிக்கர் மட்டும்தான் ஆறு."

"அவருக்குத் தெரிஞ்சிருக்காதுடி."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும்! அதைத்தானே மூணு வாரமா சொல்லிட்டிருக்கேன். தெரியாதவர் எதுக்கு வாங்கணும்? தெரியாதுன்னு தெரிஞ்ச நீ எதுக்குத் தலையாட்டணும்?"

பெரியவளுக்குச் சுருக்கென்றது. கீழ் மாடியிலிருந்து யாரோ சுவரில் ஓட்டை போடும் சத்தம் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, "கீழே ஒருத்தர் வேலை செய்யறார். ஒரு பேட்டரி கடன் கேட்டுப் பாக்கறேன்" என்று படியிறங்கினாள். உண்மையில் தங்கையின் எதிரில் நிற்க முடியவில்லை.

முதல் மாடி வராந்தாவில் ஏணிமேல் நின்றுகொண்டு புகை அலாரம் மாட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். காதோரம் நரைத்த மனிதர். கையில் இருந்தது கரண்ட் டிரில். ஏணிக்கடியில் ஒரு குட்டி ஜெனரேட்டர் தடதடத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, இந்த டிரில் உங்களுக்கே வேணும். பேட்டரி டிரில் ஏதாவது இருக்குமா? ஒரு மணி நேரம் இரவல் கொடுத்தா போதும்."

அவர் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு இறங்கினார். அவளுடைய சட்டைப் பையில் தைத்திருந்த பட்டறைப் பேரைப் படித்தார். முகம் மாறியது.

"திருகாணி பட்டறையா? உங்ககிட்டதாம்மா வாங்கினேன் பேட்டரி டிரில்லு. உங்க கடை மானேஜர் கொடுத்தாரு."

"எங்க கடையில நாங்க எதுவும் விக்கறதில்லையே?"

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? ஒரு டிரில்லு, மூணு பேட்டரி. ரெண்டு வாரம் ஆகுது. திருகாணி வீட்டுச் சாமான்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்னு வாங்கினேன்."

பெரியவள் தன் சட்டைப் பையில் இருந்த பேரைக் குனிந்து பார்த்தாள்.

"மூணுல ஒண்ணு போன ஞாயித்துக்கிழமை சார்ஜ்ல இருக்கறப்ப வீங்கிடுச்சு" என்றார் அவர். "வீட்டுக்காரி தொட்டுப் பாத்துட்டு அலறினா. அடுப்பு மாதிரி கொதிக்குது. ஒயரைப் பிடுங்கி, மண்ணு போட்ட வாளியில தூக்கிப் போட்டோம். அப்புறமும் புகைஞ்சுது. ஊர்ல புகை வந்தா கத்துற பெட்டியை மாட்டுறவன் நான். என் வீட்டுலயே புகை!" அவர் சிரிக்கப் பார்த்தார்; வரவில்லை. "மானேஜருக்கு மூணு தடவை ஃபோன் போட்டேன். புது பேட்டரி செட்டாக நாள் ஆகும்ங்கறாரு."

"மீதி ரெண்டை என்ன பண்ணீங்க?"

"வெளியில வெச்சிருக்கேன். வீட்டுக்குள்ள விட மாட்டேன்னுட்டா."

"நல்லது பண்ணாங்க. சார்ஜ் போடாதீங்கண்ணே. நான் வந்து எடுத்துக்கறேன்" என்றாள். "மன்னிச்சுக்குங்க" என்பது படியேறத் திரும்பிய பிறகுதான் வாயில் வந்தது.

ஆனால் அவள் மேலே போகவில்லை. பாதிப் படியில் நின்று யோசித்தாள். மேலே போனால் தங்கையிடம் இதைச் சொல்ல வேண்டும். ஃபோன் செய்தால் கணவர் ஏதாவது சப்பைக்கட்டு கட்டுவார். பத்து அலமாரி தரையில் கிடக்கிறது. ஐம்பது ஓட்டைக்கு மேல் பாக்கி. திரும்பி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு டூல்ஸ் கடை இருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மாள் அவளைப் பார்த்ததும் எழுந்து, ஷோகேஸ் மேலிருந்த பெரிய பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"இந்த செட் பாருங்க. பத்து அயிட்டம். இன்னிக்கு மட்டும் ஆஃபர்."

பத்து என்றதும் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்குப் பத்து வேண்டாம். ஒண்ணு வேணும். கான்கிரீட்ல ஓட்டை போடற டிரில்."

"எல்லாமே நல்ல கம்பெனிதான். எது காட்டட்டும்?"

"ரிப்பேருன்னு உங்க கடைக்கு எது ஜாஸ்தி திரும்பி வருது? அதைச் சொல்லுங்க."

கடைக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "இப்ப காட்டினதுதான்."

அதற்குப் பிறகு பேச்சு ஒழுங்காக நடந்தது. ஸ்விட்ச் போனால் ஸ்விட்ச் மட்டும் கிடைக்குமா என்று கேட்டாள். இந்த ஊரில் யார் சரிபண்ணித் தருவார்கள் என்று விலாசம் கேட்டாள். நாளைக்கு ரம்பம் வாங்கினால் இதே பேட்டரி அதற்கும் பொருந்துமா, பேட்டரி இல்லாமல் வெறும் மெஷினாகத் தருவீர்களா என்று கேட்டாள். மூன்று டிரில்லைக் கையில் வாங்கி, சுவருக்கு நேராகத் தோள் உயரத்தில் நீட்டிப் பிடித்தாள். ஒன்று மணிக்கட்டை இழுத்தது. ஒன்றின் பிடி பெரிய கைக்காரர்களுக்கானது. பொத்தானுக்கு அவள் விரல் எட்டவில்லை. மூன்றாவது கைக்கு அடக்கமாக இருந்தது. பேட்டரியில் ஐந்து என்றுதான் எழுதியிருந்தது. தராசு கேட்டாள். ஆணி நிறுக்கும் தராசில் வைத்தபோது அறுநூற்று முப்பது கிராம் காட்டியது.

"பேட்டரியை எடை போட்டு வாங்கற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார் கடைக்காரம்மா.

"நானும் இன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன்."

ஒரு டிரில், இரண்டு பேட்டரி. 'வீட்டுல கேட்டுட்டு வரேன்' என்று பழக்கதோஷத்தில் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டாள். பில்லில் பட்டறைப் பேரை எழுதச் சொல்லி, தானே கையெழுத்துப் போட்டாள். மூலைப் பாயின்ட்டில் முக்கால் மணி நேரம் பேட்டரியை சார்ஜ் போட்டுக்கொள்ளவும் அந்த அம்மாள் இடம் கொடுத்தார். "வண்டிக்குள்ள வெயில்ல போட்டு வெக்காதீங்க. சூடா இருந்தா ஆறவிட்டு சார்ஜ் போடுங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

மாடிக்குத் திரும்பி வந்ததும் சின்னவள் புது டிரில்லை வாங்கிப் பார்த்தாள். கம்பெனிப் பேரைப் படித்தாள். தான் மூன்று வாரத்துக்கு முன் சொன்ன அதே கம்பெனி. ஏதோ சொல்லப்போகிறாள் என்று பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அடுத்த அலமாரியைத் தூக்கு" என்றாள் சின்னவள்.

தூக்கியபடியே பெரியவள் அலாரம்காரர் சொன்னதைச் சொன்னாள். மறைத்து வைக்க மனம் வரவில்லை. தங்கை கேட்டுக்கொண்டே ஓட்டை போட்டாள். முப்பதாவது ஓட்டையில்கூட டிரில்லின் சத்தம் இறங்கவில்லை. சின்னவள்தான் நடுவில் இரண்டு தடவை நிறுத்தி, சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

மூன்றரை மணிக்கு மானேஜர் வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"நாலு பேட்டரிதானே மக்கர் பண்ணுது? இந்தா, இன்னும் இருபது இருக்கு" என்று சிரித்துக்கொண்டே தரையில் வைத்தார். புது டிரில்லைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "இது யாரைக் கேட்டு வாங்கினே?"

"யாரையும் கேக்கலை" என்றாள் பெரியவள். "வராந்தாவுக்கு வாங்க."

தங்கை முன்னால் வேண்டாம் என்றுதான் வெளியே கூட்டி வந்தாள். ஆனால் கதவில்லாத அறை அது. பேசுவதெல்லாம் உள்ளே கேட்கும்.

"கீழே அலாரம் மாட்டறவருக்கு நீங்க பேட்டரி வித்தீங்களா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அது... ஒரு ஏஜென்சி மாதிரி எடுத்தேன். சொல்லணும்னுதான் இருந்தேன். நல்லா போச்சுன்னா சொல்லலாம்னு..."

"பேட்டரி வீங்கிப் புகைஞ்சிருக்கு அவர் வீட்டுல. உங்ககிட்ட மூணு தடவை சொல்லியிருக்கார்."

"வீங்குதுன்னார். புகைன்னு நான் காதுல வாங்கலை."

"என் காதிலயும்தானே இன்னிக்குக் காலையில பூ சுத்தினீங்க? பதமா ஓட்டு, செட்டாயிடும்னு?"

"எனக்கு சப்ளை பண்ணவன் அப்படித்தாம்மா சொன்னான்! நானும் ஏமாந்தவன்தானே?" அவர் சுவரில் சாய்ந்தார். "டைல்ஸ் கடையில பதினெட்டு வருஷம் இருந்தேன். எனக்குன்னு ஒரு பேர் இருந்துச்சு. இங்க வந்ததிலேருந்து மானேஜர், மானேஜர்னு கிண்டல். நீயும் சிரிக்கறே. நானா ஒரு வியாபாரம் பண்ணி நிமிந்து காட்டணும்னு நெனச்சேன். அது தப்பா?"

அவளுக்குக் கோபம் ஒரு படி இறங்கியது. அவர் சொன்னதில் பொய் இல்லை, சிரித்திருக்கிறாள்தான். ஆனால் இறங்கிய கோபம் அங்கேயே நின்றது, அதற்குக் கீழே போகவில்லை.

"அது தப்பில்லைங்க. புகைஞ்ச பிறகும் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களே, அது தப்பு. இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க?"

"பதினேழு பேர்."

உள்ளே டிரில் சத்தம் நின்றது.

"ஃபோனைக் கொடுங்க" என்று கையை நீட்டினாள் பெரியவள். "பேரைச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா கூப்பிடறேன்."

"இப்பவேவா? சப்ளையர்கிட்ட ஒரு வார்த்தை..."

"சாயங்காலம் வேலை முடிச்சு எல்லாரும் வீட்டுக்குப் போவாங்க. போனதும் முதல் வேலையா சார்ஜ்ல போடுவாங்க."

முதலில் ஒரு பிளம்பர். பேட்டரியை சார்ஜ் போட வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். இரண்டாவது ஒரு தச்சர், "உங்க அப்பா இருந்தா இப்படி நடக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். திட்டியவரே தேவலை என்றிருந்தது. மூன்றாவது எண்ணை அழுத்தப் போனாள்.

கணவர் ஃபோனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நான்தான் கொடுத்தேன். நானே சொல்றேன்."

வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே பேசினார். முதலில் வார்த்தைகள் தடுமாறின. "பேட்டரி கொஞ்சம்... ஒரு சின்ன..." என்று பூசி மெழுகப் பார்த்தார். ஐந்தாவது ஆளிடம்தான் நேராக வந்தது. "போலி பேட்டரி. தீப்பிடிக்கும். என் தப்பு. தொடாதீங்க, நான் வந்து எடுத்துக்கறேன்." அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். திட்டு வாங்கும்போது ஃபோனைக் காதிலிருந்து விலக்கிக்கொள்ளவில்லை.

பெரியவள் உள்ளே போய் அலமாரியைத் தூக்கிப் பிடித்தாள். ஐந்தரைக்குப் பதினான்காவது அலமாரி ஏறியது. சின்னவள் அதன்மேல் ரசமட்டம் வைத்துச் சாய்வு பார்த்தாள். குமிழ் நடுவில் நின்றது. வேறொரு நாளாக இருந்தால் இருவரும் கையடித்துக்கொண்டிருப்பார்கள்.

வாசலில் அவர் வந்து நின்றார். வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்.

"பதினாறு பேர் ஃபோனை எடுத்துட்டாங்க. ஒருத்தர் எடுக்கலை."

"யார்?"

"ஊருக்கு வெளியில லேடீஸ் ஹாஸ்டல் இருக்கே, அங்க மெயின்டனன்ஸ் பாக்கறவர். ஆறு பேட்டரி வாங்கினார். எட்டு தடவை போட்டுட்டேன். ஸ்விட்ச் ஆஃப்." ஃபோனைச் சட்டைப்பையில் போட்டார். "சார்ஜ் போடற இடம் படிக்கட்டுக்கு அடியில. அங்க தீப்பிடிச்சா மேல இருக்கற பொண்ணுங்க இறங்க வழியில்லை. நான்தான் பாத்து, இதுதான் சௌகரியம்னு சொன்னேன்."

பெரியவள் வண்டிச் சாவியை எடுத்தாள். ஆறு மாதமாக அவரிடம் சுவரைப் பார்த்தே பேசிவந்த சின்னவள், பையில் சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டே நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நிக்காதீங்க மாமா. முன்னாடி ஏறுங்க. வழி உங்களுக்குத்தான் தெரியும்."